எட்டு மணி ஜெபம்

வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாது. காலையில் கட்டிலில் மூன்று சேலையை விரித்துப் போட்டுப் பார்த்தேன். பச்சை கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது. சாம்பல் கலர் சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது. விவாகரத்துக்கு என்ன சேலை கட்டுவது என்று யாரிடம் போய்க் கேட்பது? நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் கை பழக்கத்துக்கு இந்த வெள்ளையை எடுத்துவிட்டது. நீலக்கரை போட்ட கைத்தறி, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு மட்டும் கட்டுகிறது. குடும்ப நீதிமன்ற வராந்தாவில் இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஆறு மாதமாகத் திருவிருந்துப் பக்கமே போகாத எமிமா, திருவிருந்துச் சேலையைக் கட்டிக்கொண்டு புருஷனை விட்டுப் பிரிய வந்திருக்கிறாள். முந்தானையை இழுத்து மடியில் கரையை மறைக்கப் பார்க்கிறேன். கரை மறைந்தால் வெள்ளை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. எதிர்ப் பெஞ்சில் அவர் இருக்கிறார். இந்தச் சேலை அவருக்குத் தெரியும், இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். அவர் பார்க்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஜெபசிங் கண்ணாடி துடைக்க ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார். வக்கீல் இசக்கியம்மாள் காலையிலேயே சொல்லிவிட்டாள்: "அக்கா, இன்னைக்கு முடிஞ்சிரும். ஜட்ஜம்மா ரெண்டு பேரையும் கடைசியா ஒரு வாட்டி கேப்பாங்க. சம்மதம்னு சொல்லணும், அவ்வளவுதான். ரெண்டு பேர்ல யார் மாட்டேன்னாலும் எல்லாம் முதல்ல இருந்து." ஒரே ஒரு வார்த்தை. அதை நான் வாய்க்குள்ளேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதற்குப் பின்னாலேயே ஏன் என்ற கேள்வி வந்து நிற்கிறது. ஜட்ஜம்மா ஏன் என்று கேட்டால் என்ன சொல்லுவேன்? மனுவில் கருத்து வேறுபாடு என்று எழுதியிருக்கிறது. நல்ல வார்த்தை, எதற்கும் பொருந்தும்.

பையில் வேதப்புத்தகம் இருக்கிறது, துவர்த்துத் துண்டில் சுற்றி. அதையும் ஏன் எடுத்து வந்தேன்? சத்தியம் வாங்கும்போது கேட்பார்களோ என்று நினைத்தேன். அதெல்லாம் சினிமாவில்தான் அக்கா என்று இசக்கியம்மாள் போன தடவையே சிரித்தாளே. ஆனாலும் எடுத்து வந்தேன். எடுத்த பிறகு யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று பஸ்ஸிலேயே துவர்த்தால் சுற்றி அடியில் தள்ளிவிட்டேன். களவாண்ட பொருளை மறைக்கிற மாதிரி வேதத்தை மறைக்கிறவள் நான். சபையில் பெண்கள் கூட்டத்துக்குப் பதினோரு வருஷம் நான்தான் ஜெபம் நடத்தினேன். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும், மகனுக்கு வேலை கிடைக்கவில்லை என்றாலும், எமிமாக்காவக் கூப்பிடு, எமிமாக்கா ஜெபம் பண்ணினா கல்லும் கரையும் என்பார்கள். அதைக் கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்வேன், தாழ்மையாம். உள்ளுக்குள் குளிர்ந்து போகும். கல்லும் கரையும். இந்த வாய்தான் கொஞ்ச நேரம் முன்னால், இதே பெஞ்சில் இருந்துகொண்டு, சே. அதை நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்றால்தான் வந்து நிற்கும்.

பக்கத்தில் இந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். முப்பிடாதி என்று பேர் சொன்னாள், இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். இடது கையில் மாவுக்கட்டு. கேட்காமலே சொன்னாள், புருஷன் முறுக்கியது, இரண்டு எலும்பு. சொல்லிவிட்டு வெகு சாதாரணமாக முறுக்குப் பொட்டலத்தைப் பல்லால் பிரித்து எனக்கும் ஒன்று கொடுத்தாள். "ஒங்களுக்கு என்ன கேஸுக்கா?" என்றாள். விவாகரத்து என்றேன். "அது தெரியுது. அவரு என்ன செஞ்சாரு?"  மாவுக்கட்டுக் கையை வைத்துக்கொண்டு ஒருத்தி கேட்கிறாள், நான் என்ன சொல்லுவேன்? என் புருஷன் ஜெபம் பண்ணினார் என்றா? "குடிப்பாரு," என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? "அடிப்பாரா?" என்றாள். "ம்," என்றேன். ம் என்று மட்டும்தான் சொன்னேன், ஆனால் ம் போதும். அவள் உடனே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், நல்ல கையால். பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தாள். "அவரா? ஆளப் பாத்தா சாமியார் கணக்கா இருக்காரு. இப்படி வெள்ளையும் சொள்ளையுமா திரியிதவனுவளத்தான்க்கா நம்பக் கூடாது, குடிகாரப் பயலுவ!" அடக்கிப் பேசத் தெரியாத பிள்ளை. வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். அவர் கை அப்போது நின்றது. கைக்குட்டை கண்ணாடி மேலேயே நின்றது. பிறகு திரும்பத் துடைக்க ஆரம்பித்தார். ஜெபசிங், வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. இருமல் மருந்தில் சாராயம் கலந்திருக்கும் என்று வாசனை பார்த்துவிட்டு வேண்டாம் என்கிற மனுஷன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. இப்போதே சொல்லிவிடலாம், ஏட்டி, நான் சொன்னது பொய், அவர் குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார் என்று. அப்புறம் எதுக்குக்கா வந்திய என்று கேட்பாளே. முறுக்கு கையில் அப்படியே இருக்கிறது, கடிக்கவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை.

எல்லோருக்கும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. எங்கள் சபை ஐயருக்கும் வேண்டியிருந்தது. குருவானவர் நல்ல மனுஷன், ஆராதனை முடிந்து அங்கி மாற்றுகிற அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் கேட்டார்: "வேதத்துல சொல்லியிருக்கிற காரணம் ஏதாவது உண்டாம்மா? வேற பொம்பள, அப்படி இப்படின்னு?" இல்லை ஐயரே என்றேன். "கை நீட்டினானா?" இல்லை ஐயரே. அவர் முகம் சங்கடப்பட்டது. நான் ஏதாவது ஒன்று உண்டு என்று சொன்னால் அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். "அப்ப எதுக்கும்மா சபை விஷயத்தக் கோர்ட்டுக்குக் கொண்டு போறீங்க? இங்க நான் இருக்கேன், மூப்பர்மார் இருக்காங்க. பேசித் தீக்கலாம்லா?" பேசித் தீர்க்கலாம். நான் சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன். அதன் பிறகுதான் அவர் சொன்னார்: "வாபஸ் வாங்குற வரைக்கும் திருவிருந்து விஷயத்த உங்க மனசாட்சிக்கு விடுதேன். நான் தடுக்கல." தடுத்திருக்கலாம். தடுத்திருந்தால் ஐயர் மேல் கோபப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்திருப்பேன். மனசாட்சிக்கு விட்டால் அது பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. என் வரிசை எழுந்து பீடத்துக்குப் போகும்போது நான் முழங்காலை ஒதுக்கிக் கொடுப்பேன், ஒவ்வொருத்தியாக என் காலை இடித்துக்கொண்டு போவார்கள், மன்னிச்சிக்கோங்க அக்கா, மன்னிச்சிக்கோங்க அக்கா என்று. திரும்பி வரும்போதும் அதே. பதினாறு வருஷம் முன்னால் அதே பெஞ்சில் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது வேறு வெட்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். இவருக்கும் இவளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை சொல்ல யாராவது உண்டா என்று மூன்று தடவை சபையாரைக் கேட்டார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, ஒரு கிழவர் இருமினார், அவ்வளவுதான். இப்போது அத்தனை பேருக்கும் தடை இருக்கிறது. பிரிவதற்கும் ஓலை வாசித்தால் முதல் ஞாயிறே கோயில் முழுக்க எழுந்து நிற்கும்.

ஆனால் ஐயரிடம் எப்படிச் சொல்லுவேன், எட்டு மணி ஜெபத்தை? எங்கள் வீட்டில் சாயங்காலம் எட்டு மணி என்றால் குடும்ப ஜெபம். பாய் விரித்து முழங்கால் போட வேண்டும், முதலில் அவர், பிறகு நான், மகள் பிறந்த பிறகு கடைசியில் பெர்சி. முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தது, அவர் ஜெபிக்கிற குரல் எனக்குப் பிடிக்கும், அதைக் கேட்டுத்தான் எனக்கு அவரைப் பிடித்ததே. மூன்றாவது வருஷம் மின்வாரிய ஆபீஸில் என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், வீடு வர ஏழு மணி ஆகும். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொன்னார்: உத்தியோகமே பெரிதென்று இருக்கிற உமது அடியாளுக்கு வீட்டை விசாரிக்கிற இருதயத்தைத் தாரும். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஜெபத்தில் யாரும் குறுக்கே பேசக் கூடாது, எதிர்த்துச் சொல்லக் கூடாது. முடிவில் ஆமென் சொல்ல வேண்டும். சொன்னேன். தன்னைப் பற்றிய வசவுக்குத் தானே ஆமென் சொல்லுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடித்தால் போலீசுக்குப் போகலாம். ஜெபித்தால் எங்கே போவது? மறுநாள் என் முறை வந்தது. எங்கள் வீட்டுத் தலைவனின் பெருமையை நீக்கும் ஆண்டவரே, தன் தம்பிக்கு முன்னால் மனைவியைத் தாழ்த்திப் பேசுகிற வாயை மன்னியும். அவரும் ஆமென் சொன்னார். அவர் ஆமென் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது, அதுதான் வெட்கம், அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு பகலில் நாங்கள் சண்டையே போடவில்லை. சோறு எடுத்து வைக்கட்டா, ம், பெர்சிக்குப் பீஸ் கட்டணும், ம். எல்லாவற்றையும் எட்டு மணிக்கு வைத்துக்கொண்டோம். ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே அன்றைய வாக்கியத்தைத் தயார் செய்வேன். எந்தச் சொல் போட்டால் தைக்கும், எதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். அவரை விட நான்தான் கெட்டிக்காரி. பக்கத்து வீட்டார் சொல்லுவார்கள், அந்த வீட்டுல சத்தமே கேக்காது, தினம் ஜெபச் சத்தம் மட்டும்தான், கர்த்தருடைய வீடு.

அவர் இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டார். என்னைப் பார்க்கிறாரா, சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் பார்க்கிறாரா? குடிப்பாரு என்று சொன்னது கேட்டிருக்கும், கட்டாயம் கேட்டிருக்கும். எழுந்து போய்ச் சொல்லலாம். என்னவென்று? மன்னிச்சிருங்க என்றா? மன்னிச்சிருங்க என்ற வார்த்தையை நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் சொன்னதே இல்லை, ஆண்டவரே மன்னியும் என்றுதான் தினம் சொல்லியிருக்கிறோம். உள்ளே இருந்து டவாலி யாரையோ கூப்பிடுகிறார், நானில்லை.  ஒருவேளை அவர் இன்றைக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? குடிகாரன் என்று பேர் வாங்கிய கோபத்தில், இவள் சொன்னதற்கு இவளை விடுகிறதில்லை என்று? சொல்லட்டும் என்று ஒரு மனசு. சொல்லிவிட்டால் திரும்பவும் அந்தப் பாயா என்று ஒரு மனசு. அந்தப் பாயை நினைத்தாலே முழங்கால் வலிக்கிறது. வேண்டாம், அதையும் நினைக்க வேண்டாம், அந்த நாளை. நினைப்பு அங்கேயேதான் போகும், வேறெங்கே போகும்? வீட்டு ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில், பதினோரு பேர் வந்திருந்தார்கள். முந்தின நாள் அவர் என் சமையலை ஆண்டவரிடம் புகார் செய்திருந்தார், அந்தச் சூடு ஆறவில்லை. கல்யாணம் ஆன புதுசில் ஒரு சாயங்காலம் அவர் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். குருவானவர் ஆக வேண்டும் என்றுதான் ஆசையாம், படிப்புக்கு நேர்முகத் தேர்வில் தள்ளிவிட்டார்களாம், உனக்கு அழைப்பு இல்லை தம்பி என்று ஒரு வரியில். சொல்லிவிட்டு அழுதார். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை என்றார். அதை நான் பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தேன். அன்றைக்குப் பதினோரு பேர் முன்னால் எடுத்தேன். ஊழியத்துக்கு லாயக்கில்லை என்று நீர் தள்ளிவிட்ட உம் அடியானை, வீட்டுக்காவது உதவுகிறவராக மாற்றும் ஆண்டவரே. என் குரல் அன்றைக்கு ரொம்ப நன்றாக இருந்தது. பதினோரு பேரும் ஆமென் சொன்னார்கள். அவர் கொஞ்ச நேரம் கழித்து, கடைசியில் தனியாகச் சொன்னார். மறுநாள் எட்டு மணிக்கு அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பெர்சிக்கு அப்போது பதினொன்று. அவள் முறை வந்தது. "ஏசப்பா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். இவங்க ரெண்டு பேரும் சொல்லுதது எதையும் நீங்க கேக்காதீங்க," என்றாள். அந்த வாரமே நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறு தெருவில் வாடகைக்கு வந்துவிட்டேன். மூன்று வருஷம் ஆகப் போகிறது. அன்றிலிருந்து நான் ஜெபிக்கவில்லை. கண்ணை மூடினால் வாக்கியம்தான் வருகிறது, நல்ல நல்ல வாக்கியமாக, யாரையாவது குத்துகிற மாதிரி. அதனால் திறந்துகொள்கிறேன்.

முப்பிடாதியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் எழுந்து, மாவுக்கட்டைச் சரி செய்துகொண்டு, என் தோளைத் தொட்டாள். "தைரியமா இருங்கக்கா. அடிச்சவன விட்டுறாதீங்க." இப்போது சொல்லு, இப்போதாவது சொல்லு என்று உள்ளே ஒன்று தள்ளுகிறது. வாயைத் திறந்தேன், "சரிம்மா," என்றுதான் வந்தது. போய்விட்டாள். போகும்போது எதிர்ப் பெஞ்சை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையிலேயே அடி வாங்கினவளின் அனுதாபத்தை நான் திருடிக்கொண்டேன். உடைந்த இரண்டு எலும்புக்கு உரியது அது. இத்தனை அவமானத்திலும் எனக்கு ஒரு நல்ல காரணம் வேண்டியிருந்தது, கவுரவமான காரணம், கேட்கிறவர்கள் ஐயோ பாவம் என்று சொல்லுகிற காரணம். முறுக்கைத் துவர்த்துக்குப் பக்கத்தில் பையில் போட்டேன்.

எங்கள் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்தபோது கால் மரத்திருந்தது. உள்ளே நான் நினைத்ததை விடச் சின்ன அறை, மேசைக்கு முன்னால் நானும் அவரும் ஒரு முழ தூரத்தில் நின்றோம், இசக்கியம்மாள் பக்கவாட்டில். ஜட்ஜம்மா காகிதத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்கள். "ஆறு மாசம் டைம் குடுத்தோம். யோசிச்சீங்களா? யாராவது ஏதாவது சொல்லணுமா?" இசக்கியம்மாள் என்னைப் பார்த்துக் கண்ணால் சொன்னாள், சம்மதம் என்று சொல்லு. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார். இரண்டு கையையும் முன்னால் கோர்த்து, தலையைக் குனிந்து, அதே எட்டு மணிக் குரலில். "அம்மா, நான் குடிக்கிறவன் இல்ல. இவ மேல ஒரு நாளும் கை வச்சதில்ல. இவ மனசுல நான் அப்படி இருந்தா, அத நீங்கதான் மாத்தித் தரணும்." ஜட்ஜம்மா மனுவைத் திரும்பப் புரட்டினார்கள். "அப்படி எதுவும் இதுல இல்லையே சார்?" அவர் குனிந்தபடியே நின்றார். ஜட்ஜம்மா கொஞ்சம் சலித்துக்கொண்டார்கள். "அத ஏன் என்கிட்ட சொல்றீங்க? அவங்க பக்கத்துலதான நிக்கிறாங்க. அவங்ககிட்ட கேளுங்க." அவருக்கு அது புரிய நேரம் ஆனது. பிறகு திரும்பினார். கண்ணாடிக்குப் பின்னால் கண் சிவந்திருந்தது. "ஏன் எமிமா அப்படிச் சொன்ன?" என்றார். நான் உடனே மேசைப் பக்கம் திரும்பி, "அம்மா, இவருக்கு," என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்து நிறுத்தினேன். அதே எட்டு மணி வாக்கியம், என் காதிலேயே விழுந்துவிட்டது.  அவர் பக்கம் திரும்பினேன். "பொய் அத்தான். உள்ளதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு." "உள்ளது என்னது?" என்றார். "அன்னைக்குப் பதினோரு பேர் முன்னால ஜெபத்துல உங்க இன்டர்வியூ விஷயத்தச் சொன்னேன்லா. அது ஆண்டவர்கிட்ட சொல்லல. உங்கள அடிக்கத்தான் சொன்னேன். எல்லா நாளும் அப்படித்தான்."  இசக்கியம்மாள் ஏதோ சொல்ல வந்தாள், ஜட்ஜம்மா கையைக் காட்டி நிறுத்தினார்கள். "தெரியும்," என்றார் அவர். "நானும் அப்படித்தான் பண்ணேன். மொதல்ல ஆரம்பிச்சதே நான்தான்." ஜட்ஜம்மா பேனாவை மூடிக் கீழே வைத்தார்கள். குரல் மாறியிருந்தது. "நீங்க ரெண்டு பேரும் வெளிய போய் உக்காந்து பேசிட்டு வாறீங்களா? இன்னொரு தேதி தாரேன், அவசரமில்ல." நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டினார், எனக்குப் புரிந்தது, எனக்கும் அதுதான். "வேண்டாம்மா, பேசி முடிச்சிட்டோம்," என்றேன். "அப்ப சம்மதமா?" என்றார்கள் ஜட்ஜம்மா. அவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். "சம்மதம் அத்தான்."